நெப்டூனியத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? ஆளுநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச அணுசக்தி முகமையின் ஆளுநர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1957-இல் நடைமுறைக்கு வந்த உங்கள் முகமையின் சட்டவிதிகளில், 20-ஆவது பிரிவையும், அணு உலைகளில் உருவாகும் நெப்டூனியம் என்ற உலோகத்தை அதில் சேர்க்க வேண்டியதையும் பற்றித்தான் எழுதுகிறேன். சில பத்திகளே கொண்ட பிரிவு. ஆனால் எந்த உலோகத்தைக் கிராம் சுத்தமாகக் கணக்கெடுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதற்கு அதுதான் அடிப்படை.

அந்தப் பிரிவின்படி புளூட்டோனியம்-239, யுரேனியம்-233, செறிவூட்டிய யுரேனியம் (எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 போன்ற வகையின் பங்கைக் கூட்டியது) ஆகியவை சிறப்புப் பிளவுப்பொருள். இயற்கை யுரேனியம், யுரேனியம்-235-இன் பங்கு இயற்கையைவிடக் குறைந்த யுரேனியம், தோரியம் ஆகியவை மூலப்பொருள். இது கொஞ்சம் முரட்டுத்தனமான பிரிப்பு. இயற்கையில் இருப்பதைவிட ஒரு துளி செறிவு கூடினாலும் யுரேனியம் முதல் வகைக்குப் போய்விடும். மின் உலைக்கான எரிபொருளுக்கும் ஆயுதத்துக்கான உலோகத்துக்கும் சட்டத்தில் ஒரே பெயர். அந்த வேறுபாட்டை உங்கள் ஆய்வாளர்களின் நடைமுறைதான் கொண்டுவந்தது. 20 சதவீதச் செறிவில் ஒரு கோடு. அதற்கு மேல் என்றால் 25 கிலோ யுரேனியம்-235, கீழே என்றால் 75 கிலோ, புளூட்டோனியம் என்றால் 8 கிலோ. ஒரு வெடிகருவி செய்யும் வாய்ப்பை மறுக்க முடியாத அளவுகள் என்று வகுத்தவை இவை. புளூட்டோனியம்-238 80 சதவீதத்துக்கு மேல் கலந்த புளூட்டோனியத்துக்கு விலக்குக்கூட உண்டு. அது தன் சூட்டிலேயே தகிக்கும், ஆயுதத்துக்குத் தோதுப்படாது. நடைமுறை இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறது.

நெப்டூனியம்-237 மட்டும் இரண்டு வகையிலும் இல்லை. உலை எரிபொருளில் தானாக உருவாகும் இதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், இருபது லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். வெப்பத் தொல்லையும் கிடையாது. 1999-இல் உங்கள் குழு இதையும், இதேபோல் உலையில் உருவாகும் அமெரிசியத்தையும் பேசியது. பட்டியலில் சேர்க்காமல், நாடுகள் தாமாக முன்வந்து தகவல் தரும் ஏற்பாட்டோடு நிறுத்திக்கொண்டது. 2002-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் சுமார் 6 கிலோ நெப்டூனியக் கோளத்தைச் சுற்றி உயர்செறிவு யுரேனியத்தை அடுக்கி மாறுநிலையை, அதாவது அணுப்பிளவு தொடர்வினையாகத் தானே நீடிக்கும் நிலையை, எட்டினார்கள். சுற்றிலும் வேறு உறையில்லாத நெப்டூனியம் அந்த நிலையை எட்டத் தேவையான நிறை, அதாவது மாறுநிலை நிறை, ஏறத்தாழ 60 கிலோ என்பது அதிலிருந்து தெரிந்தது. யுரேனியம்-235-க்குச் சொல்லப்படும் மாறுநிலை நிறையிலிருந்து அது வெகுதூரம் இல்லை. நீங்கள் முடிவெடுத்தபோது இந்த எண் கையில் இல்லை. இப்போது இருக்கிறது.

ஆய்வாளர்களும் பணமும் போதாது என்பீர்கள். நியாயம்தான். பயன்படுத்திய எரிபொருளுக்குள் கலந்து கிடக்கும் நெப்டூனியத்தை எண்ணச் சொல்லவில்லை. பிரித்தெடுத்து, தனியாகச் சேர்த்துவைத்ததை மட்டும் எண்ணுங்கள். சிறு அளவுகளுக்கு விலக்கு கொடுங்கள். நாடுகள் உங்களோடு செய்துகொள்ளும் விரிவான காப்பு ஒப்பந்தங்களில் 10 டன் வரை இயற்கை யுரேனியத்துக்கு விலக்குக் கேட்க வழி இருக்கிறதே, அதுபோல.

இதற்குச் சட்டவிதியைத் திருத்தவோ நாடுகளின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கவோ வேண்டாம். குழு அவ்வப்போது தீர்மானிக்கும் பிற பிளவுப்பொருள்களும் சேரும் என்று 20-ஆவது பிரிவே சொல்கிறது. அந்த வரியின்கீழ் ஒரு தீர்மான வரைவை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆவணங்களைப் பொறுமையாக வாசிக்கும் ஒருவர்