சர்வர் என்பது இன்று ஒரு கோப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதிவு அலுவலகத்திலோ, ரேஷன் கடையிலோ, கூட்டுறவு வங்கியிலோ வரிசையில் நின்றவர்களுக்கு "சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்ற பதில் புதிதன்று. நாளிதழ்களிலும் அது அப்படியே செய்தியாகிறது. எந்த சர்வர், அதில் எது பழுதானது, உள்ளே இருந்த தகவல் என்ன ஆனது என்று கேட்பவர் இல்லை. தரவுச் சேமிப்புக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் 22 ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், கேட்கப்படாத அந்தக் கேள்வியைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையில் விளக்கு மினுக்கும் ஒரு பெட்டிதான் நம் மனக்கண்ணில் வருகிறது. அந்தப் பெட்டி இன்றும் இருக்கிறது. ஆனால், 2001-இல் விஎம்வேர் நிறுவனம் ஈஎஸ்எக்ஸ் என்ற மென்பொருளை வெளியிட்டதற்குப் பிந்தைய ஆண்டுகளில், ஒரே பெட்டிக்குள் பத்து, இருபது கணினிகள் ஒன்றையொன்று அறியாமல் இயங்குவது தரவு மையங்களில் சாதாரண ஏற்பாடாகிவிட்டது. ஹைப்பர்வைசர் என்னும் அந்த வகை மென்பொருள், பெட்டியின் பிராசசரையும் நினைவகத்தையும் பங்கிட்டுக் கொடுக்க, ஒவ்வொரு பங்கும் தன்னைத் தனிக் கணினி என்றே நினைத்துக்கொள்கிறது. இதை மெய்நிகர் கணினி என்கிறோம். இதன் ஹார்ட் டிஸ்க் நிஜமான டிஸ்க் அன்று. எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான ஸ்டோரேஜில், அதாவது தனிச் சேமிப்புக் கருவியில், கிடக்கும் ஒரு பெரிய கோப்பு. பெட்டி பழுதானால், பக்கத்துப் பெட்டி அதே கோப்பைத் திறந்து சில நிமிடங்களில் அந்தக் கணினியை எழுப்பிவிடும். வசதி பெரிதுதான். ஆனால் முன்பு ஒரு பெட்டி கெட்டால் ஒரு பிரிவின் வேலை நின்றது. இப்போது ஸ்டோரேஜ் கெட்டால் அத்தனை பிரிவுகளும் ஒரே நேரத்தில் நிற்கின்றன.

இதை அறிந்துதான் ஸ்டோரேஜ் கருவிகளை இரட்டை இரட்டையாகக் கட்டுகிறார்கள். டிஸ்க்குகளை இயக்கும் கன்ட்ரோலர் இரண்டு, மின்வழி இரண்டு, ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றிலிருந்து தகவலை மீட்கும் ரெய்டு முறை என்று எல்லாம் உண்டு. (ரெய்டு முறைக்குப் பெயரும் இலக்கணமும் வகுத்த பெர்க்லி பல்கலைக்கழகக் கட்டுரை 1988-இல் வந்தது, அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை.) வேறு ஊரில் இன்னொரு ஸ்டோரேஜ் வைத்து, இங்கே எழுதுவதை அங்கேயும் உடனுக்குடன் எழுதுவதும் உண்டு. இவையெல்லாம் கருவி பழுதாவதிலிருந்து காப்பவை. மனிதர் தவறிலிருந்தும் திருடரிடமிருந்தும் இவை காப்பதில்லை. ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அந்த இரண்டாம் ஊர் ஸ்டோரேஜ் அந்த அழிப்பையும் சிறிதும் பிசகாமல் பின்பற்றும். ஸ்னாப்ஷாட் என்பதும் முழுக் காப்பன்று. அது குறிப்பிட்ட நேரத்தின் நிலையை அதே ஸ்டோரேஜில் பிடித்து வைக்கும் ஏற்பாடு. வீடு தீப்பற்றினால் பரணில் வைத்த பத்திர நகலும் சேர்ந்துதான் எரியும்.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். மென்பொருள் மேம்படுத்தும் முன் ஒரு மெய்நிகர் கணினிக்கு ஸ்னாப்ஷாட் எடுத்தோம். வேலை முடிந்தபின் அதை நீக்க மறந்தோம். ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை மாற்றங்கள் எல்லாம் தனிக் கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். 7 மாதம் அது யார் கண்ணிலும் படாமல் வளர்ந்தது. போதாக்குறைக்கு, இருப்பதைவிட அதிக இடத்தை மெய்நிகர் கணினிகளுக்கு வாக்களிக்கும் தின் புரொவிஷனிங் முறையையும் பயன்படுத்தியிருந்தோம். 500 பேரை அழைத்துவிட்டு, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் 200 இலை மட்டும் வாங்கி வைப்பது போன்றது அது. ஒரு ஞாயிறு இரவு ஸ்டோரேஜ் நிரம்பியது. அதில் இருந்த 31 மெய்நிகர் கணினிகளும் எழுத இடமின்றி உறைந்தன. தகவலைத் தனி நகலாக எடுத்துவைக்கும் பேக்கப் சர்வரும் அவற்றுள் ஒன்று என்பது அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது. காவல்காரரையும் நகைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தோம்.

வேண்டாத கோப்புகளை அழித்து இடம் உண்டாக்கியதும் மற்றவை எழுந்தன. கணக்குப் பிரிவின் கணினி மட்டும், மூலக் கோப்புக்கும் ஸ்னாப்ஷாட் கோப்புக்கும் இடையிலான சங்கிலி அறுந்து எழவே இல்லை. 11 நாளுக்கு முந்தைய பேக்கப் டேப் (காந்த நாடா) ஒன்று அலமாரியில் இருந்தது. அதிலிருந்து மீட்டு, இடைப்பட்ட 11 நாள் கணக்கைக் காகித வவுச்சர்களைப் பார்த்து மூன்று பேர் திரும்பத் தட்டச்சு செய்தார்கள். காகிதம் இருந்தது என்பதால் தப்பித்தோம். காகிதமே இல்லாத அலுவலகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இன்றைய அலுவலகங்களில் இது நடந்தால் எதைப் பார்த்து அடிப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காத நாடு ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜான் நகரில் உள்ள தேசியத் தகவல் வள மையத்தில், மின்தடைக் காப்புக்கான லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. அரசின் 600-க்கும் மேற்பட்ட கணினிச் சேவைகள் நின்றன. நின்றவை பலவும் மெல்ல மீண்டன. ஆனால், அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்னும் ஸ்டோரேஜ் முழுவதும் எரிந்தது. 858 டெராபைட் தகவல் அழிந்தது. வெளியே எங்கும் அதற்குப் பேக்கப் இல்லை. கொள்ளளவு பெரிது, வேகம் குறைவு, ஆகவே வெளியே பேக்கப் எடுக்க இயலவில்லை என்பது அரசுத் தரப்பு விளக்கம். இதைப் படித்தபோது பழைய தொழில் புத்தியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேக்கப்புக்குப் பரவலாகப் பயன்படும் எல்டிஓ வகையில் ஒன்பதாம் தலைமுறை டேப் ஒன்று, தகவலைச் சுருக்காமலே 18 டெராபைட் கொள்ளும். 858 டெராபைட்டுக்கு 48 டேப் போதும். ஒரு பீரோவின் ஒரு தட்டில் அடங்கிவிடும். நொடிக்கு 400 மெகாபைட் வீதம் எழுதும் ஒரே ஒரு டேப் டிரைவ் வைத்திருந்தாலும் முதல் முழு நகலை எடுக்க 25 நாள். நான்கு டிரைவ் இருந்தால் ஒரு வாரம். அதற்குப் பின் அன்றாடம் மாறியவற்றை மட்டும் எடுத்தால் போதும். ஸ்டோரேஜ் அந்த வேகத்தில் தகவலைத் தராமல் இருந்திருக்கலாம். அப்படியானால் நாள்கள் கூடும், அவ்வளவுதான். ஜி-டிரைவ் அங்கே 2018 முதல் பயன்பாட்டில் இருந்தது.

தீ அரிதாகத்தான் பற்றுகிறது. அன்றாட ஆபத்து, தகவலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள். ஒவ்வொரு கணினியாகப் புகுந்து பூட்டுவதைவிட ஹைப்பர்வைசருக்குள் புகுந்து, கணினிகளாக இருக்கும் கோப்புகளை ஒட்டுமொத்தமாகப் பூட்டுவது எளிது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். 2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸின் பிந்தைய வடிவமான ஈஎஸ்எக்ஸ்ஐ இயங்கிய ஆயிரக்கணக்கான சர்வர்கள் உலகெங்கும் இப்படித் தாக்கப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே வெளிவந்திருந்தது. 2024 ஜூனில் இந்தோனேசியாவின் தற்காலிகத் தேசியத் தரவு மையம் தாக்கப்பட்டபோது 200-க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகளின் சேவைகள் பாதிக்கப்பட்டன. விமான நிலையங்களில் குடியேற்றச் சோதனைக்கு நீண்ட வரிசை நின்றது. கேட்கப்பட்ட தொகை 80 லட்சம் டாலர். தகவலில் பெரும்பகுதிக்குப் பேக்கப் இல்லை. பேக்கப் எடுப்பது அந்தந்தத் துறையின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. செலவு கருதிப் பலர் விரும்பவில்லை. இறுதியில் தாக்கியவர்களே மன்னிப்புக் கேட்டுச் சாவியைக் கொடுத்தார்கள் என்பது நகைப்பதா அழுவதா என்று தெரியாத முடிவு. நம் நாட்டில் 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டபோது, பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் நோயாளிகளின் பதிவுகள் மீண்டன. ஆனாலும் சேவைகள் பெரும்பாலும் சீராக இரண்டு வாரம் பிடித்தது. பேக்கப் இருப்பது ஒன்று. அதிலிருந்து எத்தனை மணி நேரத்தில் எழுந்து நிற்கலாம் என்பது வேறொன்று.

நமது டெண்டர் ஆவணங்களில் இந்த இரண்டாவது விஷயத்துக்கு உரிய இடம் இருப்பதில்லை. நான் பணியில் படித்த பலவற்றில் எத்தனை டெராபைட், என்ன வேகம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பவை பக்கம் பக்கமாக இருக்கும். பேக்கப் மென்பொருள் ஒரு வரியில் வரும். மீட்டுக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். அதனால் ஒப்பந்தக்காரரைக் குறை சொல்வதிலும் பயனில்லை, கேட்டதைக் கொடுத்தார். இரவுதோறும் "பேக்கப் வெற்றி" என்று மின்னஞ்சல் வரும், பச்சை நிறத்தில் ஒரு குறியும் வரும். திறந்து பார்க்காத வரைக்கும் எல்லாப் பேக்கப்பும் வெற்றிதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கியதும், ஒருமுறை பணம் கொடுத்து நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமத்தின் விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாறியது. அதனால் பல நிறுவனங்கள், மாற்றாக நியூட்டானிக்ஸ், ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருள்களையும், செஃப் என்னும் திறமூலச் சேமிப்பு மென்பொருளையும் பரிசீலிக்கின்றன. மாறுவதா வேண்டாமா என்பது அவரவர் கணக்கு. அதில் நான் புக விரும்பவில்லை. ஆனால் மாறுகிறவர்கள் தங்கள் மெய்நிகர் கணினிகளின் கோப்புகளை ஒன்றுவிடாமல் வெளியே எடுத்து, வேறு வடிவத்துக்கு மாற்றி, வேறு இடத்தில் இயக்கிப் பார்த்தே ஆக வேண்டும். மீட்புச் சோதனையும் ஏறக்குறைய இதே வேலைதான். எப்படியும் செய்யப்போகும் அந்த வேலையை ஒருமுறையோடு விடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வதாக ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் கூடுதல் செலவு பெரிதாக இராது. பேக்கப்பின் ஒரு நகலாவது வலைப்பின்னலில் இணையாமல், வேறு கட்டடத்தில், ஹைப்பர்வைசரின் நிர்வாகக் கடவுச்சொல் தெரிந்தவராலும் அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடலாம்.

அரசுத் துறைகளுக்கும் கூட்டுறவு நிறுவனங்களுக்கும் சொல்ல வேண்டியது இவ்வளவே. தங்கள் நிருபர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை "சர்வர் கோளாறு, பொதுமக்கள் அவதி" என்று செய்தி எழுதும்போது, அந்த அலுவலகத்தின் கணினிப் பிரிவுப் பொறுப்பாளரிடம், கடைசியாக எந்தத் தேதியில் பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள், அதற்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரவுச் சேமிப்புப் பொறியாளர்,
கோயம்புத்தூர்