எங்கள் பிளாக்காரர்கள் எல்லோருக்கும்

அன்புள்ள வியாசர்பாடி ஹவுசிங் போர்டு ஆயாக்களே, அக்காக்களே, அண்ணன்களே,

வணக்கம். இந்த நன்றியை ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி நேரில் சொல்வதுதான் முறை. ஆனால் பழைய கட்டடத்தை இடித்த பிறகு பெரும்பாக்கம், எண்ணூர், கொடுங்கையூர் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டீர்கள். பலருடைய போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. அதனால் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

1993-ல் எங்கள் நைனாவின் வலது கை பிரஸ் மெஷினில் சிக்கியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. சேதி கேட்டதும் முதலில் ஓடியவர் மீன்பாடி வண்டி ஓட்டிய அண்ணன்தான். காசிமேட்டிலிருந்து ஏற்றி வந்த மீன் கூடைகளைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய், நைனாவை வண்டியில் படுக்க வைத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்றைக்கு அந்த மீன் என்ன ஆனது, எவ்வளவு நஷ்டம் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. அண்ணா, நைனா உங்களை நினைக்காத நாளில்லை.

ஸ்டான்லியின் கை அறுவை சிகிச்சைப் பிரிவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பிரஸ், லேத் என்று சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைந்த ஊர் எங்களுடையது; கை நசுங்கி வருகிறவர்களுக்குக் குறைவே இருக்காது. டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த அந்தப் பிரிவுக்கு நாடு முழுக்கப் பேர் உண்டு. நைனாவுக்கு இரண்டு விரல் போனது, மீதியைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். தையல் பிரித்த பிறகு மாதக்கணக்கில் விரலை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுத்தவர்களின் பொறுமையை மறக்க முடியாது. இன்றும் அந்தக் கையால்தான் சோறு பிசைந்து சாப்பிடுகிறார். வார்டில் இரவுத் துணைக்கு இருந்தவர்கள் எங்கள் பிளாக்கில் இருந்த துறைமுகத் தொழிலாளர்கள். பகலெல்லாம் மூட்டை தூக்கிய உடம்போடு, முறை போட்டுக்கொண்டு வந்து தரையில் படுத்தார்கள்.

அப்புறம் வீடு. சம்பளம் நின்றுவிட்டது. எங்கள் பிளாக் பெண்கள் மாதம் நூறு ரூபாய்க் குலுக்கல் சீட்டு ஒன்று நடத்தி வந்தார்கள். அந்த மாதம் குலுக்காமலேயே மொத்தப் பணத்தையும் அம்மா கையில் கொடுத்தார்கள். சீட்டுப் போட்டவர்களுக்குத்தான் தெரியும், ஒருவர் முறை தள்ளிப் போவது என்றால் என்ன என்று. ஒவ்வொருத்தியும் அந்தப் பணத்தை மனதுக்குள் ஏற்கெனவே செலவு செய்து வைத்திருப்பாள்: மூழ்கப் போகிற நகை, பள்ளிக்கூடச் சீருடை, ஊரில் ஒரு சாவு. மேல் மாடி அக்கா அதை நம்பி மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். சத்தமில்லாமல் அதைத் தை மாதத்துக்குத் தள்ளிப் போட்டார். அம்மாவே இதைப் பல வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அக்கா, அந்தக் காதுகுத்துக்கு நானும் வந்து சாப்பிட்டிருக்கிறேன். அது ஏன் தள்ளிப் போனது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தக் கோடையில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடுராத்திரி ஹாரன் கேட்டால் எழுந்து ஓட வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலும் எங்கள் குடம் வரிசையை விட்டு விலகவில்லை. யாரோ இடம் போட்டு வைத்தார்கள், யாரோ பிடித்து வாசலில் வைத்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

இட்லிக்கடை ஆயாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். காலை நாஷ்டாவுக்கு நானும் தம்பியும் போய் நிற்போம். ஆயா நோட்டில் எழுதிக்கொள்வார். நைனா தேறி வேலைக்குப் போனதும் கணக்குத் தீர்க்கப் போனால், நோட்டு மழையில் நனைந்துவிட்டது என்றார். ஆயா இப்போது இல்லை. இதை அவருடைய பேத்திகள் படிக்க வேண்டும்.

மில் தாத்தாவும் இல்லை. பின்னி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1918 ஏப்ரலில் பி. பி. வாடியா தலைமையில் இதே வட்டாரத்து மில் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய கதையை நேற்று நடந்ததுபோல் சொல்வார். நைனா வேலை பார்த்த கம்பெனி அவரைத் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ-யில் சேர்க்கவே இல்லை. விபத்துக்குப் பிறகு அவரைத் தெரியாது என்றே சாதித்தது. நாங்கள் விதி என்று உட்கார்ந்திருந்தபோது தாத்தாதான், 1923-லேயே நஷ்டஈட்டுச் சட்டம் வந்துவிட்டது, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்று சொல்லி, படிப்பகத்து மேசையில் உட்கார்ந்து கைப்பட எழுதினார். சாட்சி சொல்ல நைனாவோடு வேலை பார்த்த இரண்டு பேர் வந்தார்கள். வேலை போகும் என்று தெரிந்தேதான் வந்தார்கள். அவர்களுக்கு எந்த நன்றி போதும்? வழக்கு இழுத்தது, ஆனால் பணம் வந்தது. தம்பியின் ஐடிஐ படிப்பு அந்தப் பணத்தில்தான்.

அதே படிப்பகத்தில் ராத்திரி பாடம் சொல்லிக் கொடுத்த டியூஷன் அக்கா, மன்றத்தில் கேரம் போர்டை ஏழரை மணிக்கு மூடிவிட்டுப் பையன்களைப் படிக்க விரட்டிய அண்ணன்கள், மதியம் கார்ப்பரேஷன் பள்ளியில் எனக்கு இன்னொரு கரண்டி போட்ட சத்துணவு ஆயாம்மா, எல்லோருக்கும் என் வணக்கம். வடசென்னை என்றதும் கத்தியை மட்டும் காட்டுகிறவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. 2008-ல் பிரான்சுக்குப் போய் உலக கேரம் சாம்பியன் ஆகி வந்த இளவழகி எங்கள் வியாசர்பாடிப் பெண். அந்தச் செய்தி வந்த அன்று, விளையாட்டுக்கே சம்பந்தமில்லாத நைனா தெரு முழுக்கச் சாக்லேட் கொடுத்தார்.

நாங்கள் இப்போது மாதவரத்தில் இருக்கிறோம். நைனாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், மற்றபடி சுகம். ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேட்டில் மீன் வாங்கி அம்மா குழம்பு வைக்கிறார், எப்போதும்போல நாலு பேருக்கு அதிகமாகவே. பழைய பிளாக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் கையோடு கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், வந்துவிடுங்கள்.

உங்கள்
மூன்றாவது பிளாக், இரண்டாவது மாடி வீட்டு மூத்த பையன்