ஒப்புக்கொண்ட பிறகும் நஷ்டம் யாருக்கு?

ஆசிரியருக்கு,

டெக்சாஸ் எல்லையில் ஒரு சீட்டு விளையாட்டு நிறுவனத்துக்கும் ஸ்பேஸ்எக்ஸுக்கும் நடந்த நிலத் தகராறு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, வழக்கு சமரசத்தில் முடிந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது.

2017-இல் ‘கார்ட்ஸ் அகெய்ன்ஸ்ட் ஹியூமானிட்டி’ என்ற சீட்டு விளையாட்டு நிறுவனம் ஆளுக்கு 15 டாலர் என்று 1,50,000 பேரிடம் பணம் திரட்டியது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு மெக்சிகோ எல்லையோரம், டெக்சாஸின் கேமரன் கவுண்டியில் (மாவட்டம் போன்றது) ஒரு காலி மனையை வாங்கியது. டிரம்ப்பின் எல்லைச் சுவரைத் தாமதப்படுத்துவதுதான் நோக்கம். அரசு நினைத்தால் பொதுத் தேவைக்கென்று எந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இழப்பீடு தர வேண்டும், உரிமையாளர் எதிர்த்தால் நீதிமன்றத்தில் வாதாட வேண்டும். அந்தச் செலவையும் இழுத்தடிப்பையும் நம்பித்தான், நில எடுப்பு வழக்குகளில் தேர்ந்த வழக்கறிஞர்களையும் அமர்த்தினார்கள். சட்டத்துக்கு உட்பட்ட எதிர்ப்பு அது. அதன்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

கடைசியில் அந்த மனைக்குள் புகுந்தது, பக்கத்தில் ராக்கெட் ஏவுதளம் வைத்திருக்கும் ஸ்பேஸ்எக்ஸ். அனுமதி கேட்காமலேயே சரளைக்கல்லையும் கட்டுமானப் பொருள்களையும் கொட்டி, வண்டிகளை நிறுத்தியதாக 2024 செப்டம்பரில் சீட்டு நிறுவனத்தார் வழக்குப் போட்டார்கள். கேட்ட இழப்பீடு ஒன்றரைக் கோடி டாலர். ஜெயித்தால் பணம் கொடுத்த அத்தனை பேருக்கும் பங்கு என்றும் சொன்னார்கள்.

சரி, என்ன ஆயிற்று? அத்துமீறியதை விசாரணைக்கு முந்தைய கட்டத்திலேயே ஸ்பேஸ்எக்ஸ் ஒப்புக்கொண்டது என்கிறது சீட்டு நிறுவனம். அப்படியும் 2025 அக்டோபரில், விசாரணை தொடங்கும் முன்பே சமரசம்! முழு வழக்கையும் நடத்தினால் கிடைப்பதைவிடச் செலவு அதிகமாகும், வென்றாலும் டெக்சாஸ் சட்டப்படி வழக்கறிஞர் கட்டணம் திரும்பக் கிடைப்பது கடினம் என்று காரணம் சொன்னார்கள். தளவாடங்கள் அகற்றப்பட்டன, நிலம் மீண்டது, நல்லதுதான். ஆனால் பணம் போட்டவர்களுக்குப் பங்குக்குப் பதிலாக ஒரு சின்னச் சீட்டுக்கட்டுதான் கிடைத்தது.

அரசை மடக்க அவர்கள் நம்பிய அதே வழக்குச் செலவு அவர்களையே மடக்கிவிட்டது. ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பேரின் ஆதரவும் நல்ல வழக்கறிஞர்களும் இருந்தவர்களுக்கே இந்தக் கதி. அதே எல்லையோரம் சிறு மனை வைத்திருக்கும் தனி ஆள், இப்படியொரு நிறுவனம் வண்டியோடு உள்ளே வந்தால் யாரிடம் போவார்? அத்துமீறல் உறுதியானால், எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் செலவையும் அத்துமீறியவரே ஏற்க வேண்டும் என்று சட்டம் இருக்க வேண்டும். வழக்குச் செலவு பற்றிய டெக்சாஸ் விதியை விளக்கி, சட்டம் தெரிந்த ஒருவரிடம் தனிக் கட்டுரை வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்