பாலூட்டும் அறைக்குக் கதவு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொது இடத்தில் பாலூட்டுவது பற்றிப் பேச்செடுத்தாலே, ‘ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டால் போயிற்று’ என்கிறார்கள். கனத்த துண்டுக்குள் குழந்தைக்குப் புழுங்கும், கையால் தட்டிவிடும். அதைவிட முக்கியம், பிறந்து சில வாரமே ஆன குழந்தை சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று தாய் கண்ணால் பார்த்தாக வேண்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, முகவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் காம்பு வெடித்துப் புண்ணாகும், பாலும் சரியாக வராது.

மறைவுக்கு உடையே போதும். உள்ளே ஒரு பனியன், மேலே தளர்ந்த சட்டை. சட்டையைக் கீழிருந்து தூக்கி, பனியனைக் கீழே இறக்கினால் வயிறும் தெரியாது, மேல்புறமும் தெரியாது. மீதியைக் குழந்தையின் தலையே மறைத்துவிடும்.

அழும்வரை காத்திருக்கவே கூடாது. கையை வாய்க்குக் கொண்டுபோவதும், தலையைத் திருப்பித் தேடுவதும், சப்புக்கொட்டுவதும்தான் பசியின் முதல் அடையாளங்கள். வீறிட்டு அழும் குழந்தைக்கு நாக்கு மேலே எழும்பிவிடுவதால் கவ்வ வராது. சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதும் அப்போதுதான்.

அந்தப் பார்வை சாதாரண விஷயமல்ல. பால் இறங்க ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் தாயின் உடலில் சுரக்க வேண்டும். கூச்சமும் பதற்றமும் அதைத் தடுக்கும். மார்பு நிறைந்திருந்தும் பால் வராது, குழந்தை இழுத்துப் பார்த்துவிட்டு அழும், தனக்குப் பாலே இல்லையென்று தாய் பயந்துவிடுவாள். பச்சிளம் குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் வேண்டும். வீட்டுக்குப் போய்க் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டால் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும், காய்ச்சல்வரை போகும்.

பாலூட்டும் அறை கட்டுபவர்கள் முதலில் நாற்காலியைக் கவனிக்கட்டும். சுவரோர பெஞ்சில் கைக்குத் தாங்கல் கிடையாது. கை சோரச் சோரக் குழந்தை கீழே சரியும், காம்பு இழுபடும், தாய் குனிந்து குனிந்து முதுகு வலிக்கும். கைப்பிடியும் சாய்மானமும் உள்ள நாற்காலி, கால் வைக்க ஒரு சிறு பலகை, உள்தாழ்ப்பாள், காற்றோட்டம், கைகழுவக் குழாய், பால் பீய்ச்சும் கருவிக்கு ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் போதும். கழிப்பறைக்குள் ஒரு மூலையைத் தடுத்து இதற்கு ஒதுக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அறைச் சாவிக்காக யாரையாவது தேடி அலையவிடுவதும் கூடாது. அதற்குள் குழந்தை அழுகைக்குப் போய்விடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். அறை விரும்புபவர்களுக்கானது. வெளியே பெஞ்சில் அமர்ந்து பாலூட்டும் தாயிடம், ‘அங்கே அறை இருக்கிறதே’ என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இப்படிக்கு,
தாய்ப்பால் ஆலோசகர்கள்