நட்சத்திரக் குறிகளை வைத்து என்ன செய்வது? ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சமூக அறிவியல் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒரு விளைவோடு ஒவ்வொரு மாறிக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ரெக்ரஷன் அட்டவணையில் பீட்டாவையும் (திட்ட விலக்க அலகுக்கு மாற்றிய கெழு) நட்சத்திரங்களையும் (உண்மையில் தொடர்பே இல்லாவிட்டால் இப்படியொரு முடிவு வருவது எவ்வளவு அரிது என்பதன் குறி) மட்டும் அச்சிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்த முடிவுகளைப் பல ஆய்வுகளிலிருந்து திரட்டி ஒரே மதிப்பீடாக்கும் மெட்டா அனாலிசிஸ் செய்வோர் படும் பாடு நீங்கள் அறியாததல்ல. திட்டப் பிழையையும் (கெழு எவ்வளவு பிசகக்கூடும் என்ற அளவு) திட்ட விலக்கத்தையும் (தரவின் சிதறல் அளவு) கட்டாயமாக்குங்கள், கேட்பது இவ்வளவுதான்.

205 பேர், நான்கு விளக்க மாறிகள் கொண்ட ஓர் ஆய்வு. ஒரு மாறியின் கெழு 0.8, திட்டப் பிழை 0.2 என்றிருந்தால், முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் டி (t) மதிப்பு 4. அதன் வர்க்கம் 16, அதோடு 200 (205-இல் நான்கு மாறிகளும் ஒன்றும் கழித்த மிச்சம்). கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அதனால் 4-ஐ வகுத்தால் பகுதி ஒட்டுறவு (மற்ற மாறிகளின் பங்கை நீக்கியபின் எஞ்சும் தொடர்பு) 0.27. அரை நிமிட வேலை. அதே இடத்தில் மூன்று நட்சத்திரம் (வழக்கமாக p < 0.001) மட்டும் இருந்தால், ஏறத்தாழ 0.23-க்கு மேல் எதுவாகவும் இருக்கலாம். நட்சத்திரமே இல்லாததைச் சிலர் பூஜ்யம் என்றே பதிந்துவிடுகிறார்கள்.

பீட்டா இருக்கிறதே என்பீர்கள். பயிற்சி பெற்றவர்கள் 5 மதிப்பெண் கூடுதல், குழுவுக்குள் திட்ட விலக்கம் 12.5 என்றால் முன்னதைப் பின்னதால் வகுத்த கோஹனின் டி (d) 0.4. குழுக்கள் சரிபாதியானால் பீட்டா 0.20; பயிற்சி பெற்றவர் பத்தில் ஒருவரே என்றால் 0.12. பயிற்சியின் பலன் அப்படியே இருக்கிறது, தலைக்கணக்குதான் மாறியது. அந்தக் கணக்கையும் அச்சிடாவிட்டால் 0.12-லிருந்து 0.4-க்குத் திரும்ப வழியில்லை.

2005-இல் பீட்டர்சன், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் சொன்ன குறுக்குவழி ஒன்று உண்டு: பீட்டா எதிர்ம எண்ணாக இல்லாவிட்டால் 0.05 கூட்டி ஒட்டுறவுக் கெழுவாகக் கொள்வது. விளக்க மாறிகள் தமக்குள் பின்னிக் கிடந்தால் பீட்டாவும் ஒட்டுறவும் குறியிலேயே முரண்படும். 0.05 அங்கே என்ன செய்யும்? ஆனாலும் வேறு வழியின்றி அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

மேற்கோள் பட்டியலில் ஒரு காற்புள்ளி பிசகினால் கட்டுரையைத் திருப்பி அனுப்பும் கண்களுக்குத் திட்டப் பிழை இல்லாதது மட்டும் தென்படுவதில்லை. எழுதிக் கேட்கலாமென்றால், கட்டுரையில் தொடர்புக்குத் தந்திருக்கும் ஆய்வாளரின் மின்னஞ்சலோ, அவர் பட்டம் வாங்கியதும் செத்துப்போகிறது.

கோபம் கிடக்கட்டும், பணிவாகவே கேட்கிறோம். திட்டப்படுத்தாத கெழு, அதன் திட்டப் பிழை, ஒவ்வொரு மாறியின் திட்ட விலக்கம், ஒவ்வொரு மாடலிலும் உண்மையில் எஞ்சிய மாதிரி அளவு, டம்மி மாறியானால் (ஆம், இல்லை என 1, 0 மட்டும் கொண்டது) விகிதம், எல்லா மாறிகளுக்கும் ஒட்டுறவு அட்டவணை. சார்பு மாறி லாகரிதத்தில் இருந்தால் அதையும் சொல்லச் செய்யுங்கள், 0.25 என்ற கெழு 25 சதவீதமல்ல, 28. பக்கம் போதாதென்றால் இணைப்புக் கோப்பில் போடச் சொல்லுங்கள். அடுத்த இதழின் ஆசிரியர் வழிகாட்டியிலேயே இதைச் சேர்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் அட்டவணைகளைத் தொகுப்பவர்கள்