எங்கள் ராணிக்கு மின்தூக்கியைத் திறந்துவிடுங்கள்: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள நமது அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுத் தலைவருக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

போன வாரம் மின்தூக்கிக் கதவருகே நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். வளர்ப்புப் பிராணிகளுக்கு இனி மின்தூக்கி கிடையாது, படிக்கட்டைப் பயன்படுத்துங்கள் என்று போட்டிருக்கிறீர்கள். அது யாரை மனத்தில் வைத்து ஒட்டியது என்று நம் புளோக்கில் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலை பாதுகாவலர் எங்களைத் தடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, சொன்னதைச் செய்கிறார். அன்று படியிறங்கும்போது எங்கள் மூன்றுகால் நாய் ராணி ஐந்தாம் மாடித் திருப்பத்தில் சறுக்கி விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டாள். உங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. அதனால் எல்லார் முன்னிலையிலும் எழுத வேண்டியதாயிற்று.

நம் கார் நிறுத்துமிடத்தில் ராணிமேல் வண்டி மோதிய விபத்தைப் பற்றி மறுபடி சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்த கதைதான். முன்பக்க இடது காலைத் தோள்பட்டை எலும்போடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். பாதிக் காலை விட்டுவைத்தால் நாய் அதை ஊன்றப் பார்க்கும், ஊன்ற ஊன்றப் புண்ணாகும் என்று மருத்துவர் விளக்கினார். தையல் பிரித்து, முடியும் முளைத்துவிட்டது. சமதரையில் அவள் போகிற வேகத்தைப் பார்த்தால் கால் போனதே தெரியாது.

படிக்கட்டுதான் அவளுக்கு முடியாத காரியம். ஒரு நாயின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்னங்கால்கள் மேல்தான் இருக்கிறது. பின்னங்கால் போன நாயைவிட முன்னங்கால் போன நாய் அதிகம் சிரமப்படுவது அதனால்தான். ஏறும்போது பரவாயில்லை, பின்னங்கால்கள் தள்ளிவிடும். இறங்கும்போது மொத்த உடம்பும் அந்த ஒற்றைக் காலின் மணிக்கட்டில் வந்து இடிக்கிறது. படியின் விளிம்பில் நின்று காலை நீட்டுவாள், உடனே உள்ளே இழுத்துக்கொள்வாள். மறுபடி நீட்டுவாள். நகம் சிமெண்டில் பிறாண்டும். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பாள். மிச்சமிருக்கும் அந்தக் கால் ஆயுள் முழுக்க உழைக்க வேண்டும், எடை ஏறவிடாதீர்கள், வழுக்கும் தரையில் விடாதீர்கள், படியில் குதிக்க விடாதீர்கள் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டை அளந்து போடுகிறோம். வீடு முழுக்க ரப்பர் பாய் விரித்திருக்கிறோம். ஏழாவது மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை பாய் விரிக்க எங்களால் ஆகாது.

நான் வீட்டிலிருந்தால் தூக்கிக்கொண்டு இறங்குவேன். 18 கிலோ. தோள் இருந்த பக்கத்தில் பிடிமானமே இல்லை, கை வழுக்கித் தழும்பின் மேல் அழுந்தினால் முனகுவாள். நான் வேலைக்குப் போன பிறகு அம்மா மட்டும்தான். முட்டிவலிக்காரர், அவரால் எப்படித் தூக்க முடியும்? ராணி வீட்டுக்குள் சிறுநீர் கழிக்க மாட்டாள். அதற்கென்று விற்கும் பாயையும் வாங்கிப் போட்டுப் பார்த்தோம், ஒதுங்கிப் போகிறாள். காலையில் போனதோடு சரி, நான் திரும்பும்வரை அடக்கிக்கொண்டு கதவோரம் கிடக்கிறாள். இப்போது பகலில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். குடித்தால் போக வேண்டிவரும் என்று புரிந்துகொண்டாள் என்கிறார் அம்மா. இதைவிட நான் உங்களுக்கு என்ன எடுத்துச் சொல்ல முடியும்?

ராணியை மின்தூக்கியில் கொண்டுபோக அனுமதி தாருங்கள். நாங்கள் கேட்பது இதுதான்.

முஸ்லிம் குடும்பங்களுக்குச் சங்கடம் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நாயின் எச்சிலும் ஈரமும் அவர்களுக்கு எவ்வளவு முக்கியமான விஷயம் என்பது இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும். அதனால்தான் மூடிய தள்ளுவண்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். அவள் கால் மின்தூக்கியின் தரையில் படாது, ஆள் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருப்போம். எதிர்வீட்டு மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, நாயைத் தொட மாட்டார். ஆனால் நான் ராணியைச் சுமந்து வரும்போது படிக்கட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு 'கெசியான்', ஐயோ பாவம் என்று சொல்பவர் அவர்தான். அவர்களைக் காரணம் காட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நாய் வளர்க்க எழுத்துவழி அனுமதி தந்தது இதே நிர்வாகம். லைசென்சும் முறையாக இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி கூடுதல் விதி எதையும் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். இந்த விதிக்கு எந்தக் கூட்டத்தில் கை தூக்கினோம்? விலங்கை வலியிலிருந்தும் காயத்திலிருந்தும் காக்கும் கடமை அதை வளர்ப்பவருக்கு உண்டு என்கிறது 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம். அந்தக் கடமையைச் செய்யத்தான் வழி கேட்கிறேன்.

வீடு புதுப்பிக்கிறவர்களின் சிமெண்ட் மூட்டைகளும் உடைத்த ஓடுகளும் அதே மின்தூக்கியில் ஏறி இறங்குகின்றன, யாரும் தடுப்பதில்லை. சாலையில் நாயை மோதினாலும் வண்டியை நிறுத்த வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. நம் கார் நிறுத்துமிடத்தில் மோதியவர் நிறுத்தவே இல்லை. சிசிடிவி கேமராவோ வேலை செய்யவில்லை. வேகத்தடை தேய்ந்துபோய்க் கிடக்கிறது. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம். விபத்துக்குப் பிறகு வேகத்தடையும் வரவில்லை, கேமராவும் வரவில்லை, வந்தது அடிபட்டவளுக்கு எதிரான அறிவிப்பு. அந்தச் சரிவுப் பாதையில் சாயங்காலம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சரி, அதை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். இன்றைக்கு ராணியின் காரியம் நடந்தால் போதும். மருத்துவர் கடிதத்தையும் அறுவை சிகிச்சைச் சான்றையும் அலுவலகத்தில் ஏற்கெனவே கொடுத்திருக்கிறேன். இரண்டு மின்தூக்கிகளில் பின்பக்கம் இருப்பதை மட்டும், தள்ளுவண்டியோடு, நாங்கள் பயன்படுத்த எழுத்துவழி அனுமதி தாருங்கள். பாதுகாவலர் மேசையிலும் ஒரு நகல் இருக்கட்டும், அவரும் எங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். அடுத்த செயலவைக் கூட்டம் வரை தள்ளிப்போடாமல் இந்த வாரத்துக்குள் பதில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாவது மாடிக் குடியிருப்பாளர்