தொடக்க வகுப்பா, இடைநிலை வகுப்பா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் பாய்ப்படகு வகுப்புகளைப் பற்றி இரண்டு கிழமையாக வட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவை உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்கும் யாராவது அனுப்பத்தான் போகிறார்கள். "இடைநிலை வகுப்புக்குப் போனேன். தொடக்க வகுப்பையும் எடுக்கச் சொல்லி இரண்டு தரம் காசு பிடுங்கப் பார்க்கிறார்கள்" என்கிறார் ஒருவர். "அன்னபூரணியை அமெரிக்காவுக்கு ஓட்டிய மண்ணில் பிறந்தவனுக்கு அரிச்சுவடியா?" என்றும் கேட்கிறார்.

காசு பிடுங்கிகள் என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். இரண்டாவது கேள்விதான் தைத்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தக் கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்த கதையைச் சொல்லித்தான் எங்கள் ஒவ்வொரு வகுப்பும் தொடங்குகிறது. அதை எங்களுக்கே சொல்லிக் காட்டுவதா? அதில் போனவர்கள் கடலோடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். தண்டையலின் (கப்பல் தலைவனின்) பேரனாக இருந்தாலும் கயிற்றைப் பிடித்தால்தான் கை பழகும்.

நடந்தது இதுதான். பெயர் சொல்ல மாட்டோம். அவரும் எங்கள் வாடிக்கையாளர்தான். கனடாவில் ஏரியொன்றில் சிறு பாய்ப்படகு ஓட்டிச் சான்றிதழ் பெற்றவர். அந்தச் சான்றிதழை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து புறப்பட்டுக் கடற்கோட்டையை நெருங்கும்போது, முன்பாயை இறுக்கச் சொன்னோம். வின்ச்சில் (கயிற்றைச் சுற்றி இறுக்கும் உருளையில்) கயிற்றை இடஞ்சுழியாகச் சுற்றினார். வலஞ்சுழியாகச் சுற்றினால்தான் அது பிடிக்கும். கயிறு உருவிக்கொண்டு ஓடியது. பாய் படபடவென்று அடித்தது. அவர் சிவந்துபோன உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றார். அதற்குள் படகு, மீன் பிடிக்க நட்டிருந்த களங்கண்ணித் தடிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

சிறு படகில் பாய்க்கயிற்றை விட்டால் படகு சற்று நேரத்தில் நின்றுவிடும். ஆழம் குறைந்தால் நடுப்பலகையை மேலே இழுத்துக்கொள்ளலாம். நாங்கள் ஓட்டும் யொற் என்ற பெரிய பாய்ப்படகு அப்படியல்ல. பாயை இறக்கிய பிறகும் தன் பாரத்திலேயே ஓடும். எங்கள் படகின் கீல் (அடியில் பொருத்திய பாரமான தகடு) நாலு அடி ஆழத்துக்கு இறங்கி நிற்கிறது. அதை மேலே இழுக்க வழியில்லை. நமது கடனீரேரியிலோ இடுப்பளவுத் தண்ணீர் உள்ள இடங்களே அதிகம்.

வகுப்பைப் பிரித்தது எங்கள் பேராசை அல்ல. பிரித்தானியாவின் பாய்ப்படகுச் சங்கமான ரோயல் யொற்றிங் அசோசியேசன் வகுத்த பாடத்திட்டத்தைப் பாருங்கள். கொம்பிற்றன்ற் குறூ என்ற தொடக்க வகுப்பு 5 நாள். முன் அனுபவம் தேவையில்லை. அதற்கு அடுத்த டே ஸ்கிப்பர் வகுப்பும் 5 நாள்தான். ஆனால் அதற்கு வருகிறவர் ஏற்கெனவே 5 நாள் படகில் இருந்து, 100 கடல் மைல் ஓடி, அதில் 4 மணி நேரமாவது இரவில் ஓடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கடல் வரைபடம் பார்க்கவும் வற்றுப்பெருக்குக் கணக்கிடவும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். முதல் வகுப்பில் தண்டையல் சொல்வதை நீங்கள் செய்கிறீர்கள். அடுத்ததில் நீங்களே தண்டையல். பயிற்றுநர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கயிற்றை எந்தப் பக்கம் சுற்றுவது என்று அப்போதும் யோசிக்கிறவர், காற்றையும் ஆழத்தையும் எப்போது யோசிப்பார்?

கடற்றொழில் ஊர்களான குருநகர், பாசையூர்ப் பிள்ளைகளிடம் நாங்கள் இவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை என்பதும் உண்மைதான். வாடைக் காற்றும் சோளகக் காற்றும் அவர்களுக்குக் கன்னத்திலேயே தெரியும். அவர்களுக்கு வரைபடத்தைக் கொடுத்தால் போதும்.

அந்தப் பிரித்தானியச் சங்கத்தின் சான்றிதழை வழங்கும் நிலையம் நாங்கள் அல்ல. ஐரோப்பாவில் படகு வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் படிக்க வேண்டும். இங்கே ஓடிய நாள்களையும் மைல்களையும் பதிவுப் புத்தகத்தில் எழுதி ஒப்பமிட்டுத் தருகிறோம்.

எங்கள் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. மற்றவர்கள் பார்த்திருக்க, "நீங்கள் முதலாம் வகுப்பு" என்று சொல்லியிருக்கக் கூடாது. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்று களைத்த நாள்களில், "எஞ்சின் எதற்கு, பாயிலேயே போவோம்" என்று வந்து நின்றவர்களை மறக்க மாட்டோம். ரொறன்ரோவிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டியில் இரண்டு கப்பிகளாவது கொண்டுவந்து தரும் குடும்பத்துக்கும், தம் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் துறையிலேயே காத்திருக்கும் தாய்மாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. நீங்கள் இல்லையென்றால் படகை எப்போதோ விற்றிருப்போம்.

இடைநிலை வகுப்பை நடத்திய பயிற்றுநர் கார்த்திகையில் வெளிநாடு சென்றுவிட்டபடியால், அந்த வகுப்பு சித்திரைக்குப் பிறகே நடைபெறும். செலுத்திய முற்பணம் தொடக்க வகுப்புக்குச் சேர்க்கப்படும். கட்டணமும் தையிலிருந்து சற்று மாறுகிறது.

தொடக்க வகுப்பு தைப்பொங்கலுக்கு அடுத்து வரும் சனிக்கிழமை காலை 6 மணிக்கு. குரல் பதிவில் பேசியவரும் வரலாம். கையுறை நாங்கள் தருகிறோம்.

அன்புடன்,
உரிமையாளர்